ரெய்டில் ஒரு டிஸ்க் போய்விட்டது: எதைக் கழற்றுவது?

கேள்வி: எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் டெபியன் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் சர்வராக வைத்திருக்கிறோம். 4 டெராபைட் டிஸ்க் இரண்டை ரெய்டு 1 ஆக, அதாவது ஒரே தகவல் இரண்டிலும் பதியும்படி இணைத்து நண்பர் ஒருவர் அமைத்துக் கொடுத்தார். அவர் இப்போது வெளிநாட்டில். நேற்று 'டிகிரேடட் அரே' என்று ஒரு மெயில் வந்தது. ஆனால் படங்கள் எல்லாம் திறக்கின்றன. இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். எது கெட்டது, எப்படி மாற்றுவது? கட்டளைகளைத் தப்பாக அடித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: படங்கள் திறக்கின்றன என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். 'அரே' என்பது இணைத்த டிஸ்க்குகளின் தொகுப்பு, 'டிகிரேடட்' என்றால் அதில் ஒன்று குறைந்துவிட்டது. இந்த நிமிடம் உங்களிடம் ரெய்டு இல்லை, ஒற்றை டிஸ்க்தான் இருக்கிறது. அதுவும் கெட்டுப்போனதோடு ஒரே நாளில் வாங்கி, அதே அளவு ஓடிய டிஸ்க். புது டிஸ்க் போட்டதும் லினக்ஸ் இந்த நல்ல டிஸ்க்கை முதல் செக்டார் (தகவல் பதியும் சிறு கட்டம்) முதல் கடைசி செக்டார் வரை படித்துத்தான் நகல் எடுக்கும். வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் ஒரு கெட்ட செக்டார் இருந்தால், அது அப்போதுதான் வெளியே வரும். அதனால் முதல் வேலை, ஒரு வெளி டிஸ்க்கை வாங்கிப் படங்களை எல்லாம் அதில் நகல் எடுப்பது. அதை முடிக்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டாம்.

சரி, எது கெட்டது? 'ப்ராக்' அடைவில் 'எம்டிஸ்டாட்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை 'கேட்' கட்டளையால் பாருங்கள். பார்ப்பதால் எதுவும் மாறாது. 'எம்டி0' (அரேயின் பெயர்) என்று தொடங்கும் வரியில் இரண்டு டிஸ்க்கின் பெயர்கள் இருக்கும். கெட்டது பட்டியலில் இன்னும் இருந்தால் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எஃப்' என்ற எழுத்து நிற்கும். அதற்குக் கீழே சதுர அடைப்புக்குள் இரண்டே இடம். நலமாக இருந்தால் இரண்டிலும் 'யூ' இருக்கும். உங்களுடையதில் ஒரு 'யூ', ஒரு அடிக்கோடு இருக்கும். அந்தக் கோடு முதல் இடத்தில் இருக்கிறது, அதனால் முதல் டிஸ்க்தான் போயிருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். மேல் வரியில் பெயர்கள் வரும் வரிசை வேறாக இருக்கலாம். ரெய்டை நிர்வகிக்கும் 'எம்டிஅட்ம்' கட்டளையை 'டீட்டெயில்' ஆப்ஷனோடு கொடுத்தால், எந்த டிஸ்க் ஆக்டிவ், எது ஃபால்ட்டி என்று வரி வரியாகச் சொல்லிவிடும். 'எம்டிஅட்ம்' ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு சிறு கோடு போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இப்போது 'எஸ்டிபி' கெட்டது என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். பெட்டியைத் திறந்தால் எந்த டிஸ்க்கிலும் 'எஸ்டிபி' என்று எழுதியிருக்காது. அந்தப் பெயர் லினக்ஸ் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வைப்பது, அடுத்த முறை மாறியும் போகலாம். மாறாதது சீரியல் நம்பர் ஒன்றுதான். டிஸ்க்கின் விவரமும் நலமும் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையைச் சிறு கோடு, 'ஐ' போட்டுக் கொடுத்தால் நம்பர் வரும். கெட்ட டிஸ்க் பதிலே சொல்லவில்லை என்றால், நல்ல டிஸ்க்கின் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அந்த நம்பர் இல்லாததுதான் கழற்ற வேண்டியது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில், மேலே இருப்பது முதல் டிஸ்க், கீழே இருப்பது இரண்டாவது என்று நம்பி, ஓடிக்கொண்டிருந்த சர்வரிலிருந்து நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேர் திரையும் நின்றது. அதைத் திரும்ப மாட்டி ரீபூட் செய்ததும் தகவல் பத்திரமாக வந்தது, ஆனால் அரை நாள் வேலை போயிற்று. அன்றிலிருந்து எந்தப் பெட்டியை அமைத்தாலும், சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி டிஸ்க்கின் வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். நீங்களும் இந்த முறை ஒட்டிவிடுங்கள்.

புது டிஸ்க் வாங்கும் முன் ஒரு சோதனை. 'ஸ்மார்ட்சிடிஎல்' தரும் பட்டியலில் 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை. இவை ஏறியிருந்தால் டிஸ்க்தான் போய்விட்டது. இவை பூஜ்யமாக இருந்து, தகவல் கேபிள் வழி போய்வரும்போது நேர்ந்த பிழைகளைக் காட்டும் 199 மட்டும் ஏறியிருந்தால், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றி, 'ரீ-ஆட்' ஆப்ஷனால் அதே டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். அரேயில் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) இருந்தால், இடையில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதிச் சில நிமிடத்தில் முடித்துவிடும்.

டிஸ்க்தான் போனது என்றால், புதியது பழைய அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் சேராது. கடையில் 'சிஎம்ஆர்' வகை என்று கேட்டு வாங்குங்கள். 'எஸ்எம்ஆர்' வகை தொடர்ந்து எழுதும்போது படுத்துவிடும், ரெய்டு கட்டும் வேலையோ முழுக்க முழுக்க எழுதுவதுதான்.

மாற்றும் முறை இதுதான். 'எம்டிஅட்ம்' கட்டளையில் 'ஃபெயில்' கொடுத்து, அடுத்து 'ரிமூவ்' கொடுத்துக் கெட்ட டிஸ்க்கின் பார்ட்டிஷனை அரேயிலிருந்து விலக்குங்கள். மெஷினை அணைத்து, சீரியல் நம்பர் பார்த்துக் கழற்றி, புதியதை மாட்டுங்கள். ஆன் செய்ததும் எந்தப் பெயர் எந்த டிஸ்க்குக்கு வந்திருக்கிறது என்று இன்னொரு முறை நம்பரைச் சரிபாருங்கள். அப்புறம் பார்ட்டிஷன் அமைப்பை நகல் எடுக்க 'எஸ்ஜிடிஸ்க்' கட்டளையில் பெரிய 'ஆர்' ஆப்ஷன். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆப்ஷனுக்கு அடுத்து வருவது புது டிஸ்க், கடைசியில் வருவது நல்ல டிஸ்க். மாற்றி எழுதினால் காலி டிஸ்க்கின் அமைப்பு நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். அடித்துவிட்டு உடனே என்டரைத் தட்டாமல், கையை எடுத்து ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பெரிய 'ஜி' ஆப்ஷனால் புது டிஸ்க்குக்குத் தனி அடையாள எண் கொடுத்து, 'எம்டிஅட்ம்'மில் 'ஆட்' கொடுத்தால் வேலை தொடங்கிவிடும்.

இந்த வேலை முழுவதிலும் 'கிரியேட்' என்ற ஆப்ஷனுக்கு இடமே கிடையாது. ரெய்டு தகராறு செய்தால் 'கிரியேட்' கொடுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது இருக்கும் அரேயைச் சரிசெய்வது இல்லை, புதிதாக ஒன்றை எழுதுவது. டிஸ்க் வரிசையோ தகவல் தொடங்கும் இடமோ பழையதோடு ஒத்துப்போகாவிட்டால், உங்கள் ஆல்பங்கள் எங்கே தொடங்குகின்றன என்று தேடும் நிலை வரும். அரே துவங்கவில்லை என்றால் முயல வேண்டியது 'அசெம்பிள்'.

'ஆட்' கொடுத்தபின் அதே எம்டிஸ்டாட்டைப் பார்த்தால், எவ்வளவு சதவீதம் முடிந்தது, இன்னும் எத்தனை நிமிடம் என்று தெரியும். நொடிக்கு 150 மெகாபைட் ஓடினால் 4 டெராபைட்டுக்கு ஏறக்குறைய ஏழரை மணி நேரம். சாயங்காலம் கடை மூடும்போது தொடங்கினால் காலையில் முடிந்திருக்கும். அந்த நேரத்திலும் மெஷினைப் பயன்படுத்தலாம், கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' நிற்கும். இதே டிஸ்க்குகளிலிருந்துதான் மெஷின் துவங்குகிறது என்றால், புது டிஸ்க்கிலும் மெஷினைத் துவக்கிவைக்கும் 'கிரப்' நிரலைப் பதிவது பாக்கி. இதைச் செய்யாமல் விட்டால், நாளைக்கு அந்த நல்ல டிஸ்க் போகும்போது படங்கள் இருந்தும் மெஷின் எழாது.

டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில், அதாவது சனி நள்ளிரவு தாண்டியதும், இரண்டு டிஸ்க்கையும் முழுக்க ஒப்பிட்டுச் சரிபார்க்கும்படி அமைந்திருக்கும். சனி ராத்திரி மெஷினை அணைத்துவிடும் பழக்கம் உங்கள் ஸ்டூடியோவில் இருந்தால், அந்த ஒரு நாள் மட்டும் ஓட விடுங்கள். நான் முதலில் சொன்ன மூலையில் கிடக்கும் கெட்ட செக்டார், மறு டிஸ்க் நலமாக இருக்கும்போதே கண்ணில் பட்டு, அங்கிருந்து எடுத்துத் திருத்தப்படுவது இதனால்தான்.

கழற்றிய டிஸ்க்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். ரெய்டு 1-ல் ஒவ்வொரு டிஸ்க்கும் முழு நகல். அதைத் தனியாக மாட்டினாலே, உங்களை நம்பி வந்தவர்களின் கல்யாணப் படங்களையும் குழந்தைகளின் படங்களையும் பார்க்க முடியும். பழைய பொருள் எடுப்பவரிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு 'யூ' வந்து, படங்களைத் திறந்து பார்த்த பிறகு, அதை வேறொரு கம்ப்யூட்டரில் தனியாக மாட்டி 'ஷ்ரெட்' கட்டளையால் முழுக்க அழியுங்கள். அங்கேயும் சீரியல் நம்பர் பார்த்துத்தான். சுழலவே இல்லை என்றால், திறந்து உள்ளே இருக்கும் தட்டுகளில் துளை போட்டுவிட்டுக் கொடுங்கள்.