ஃபோம் வாங்கும் முன் கதவிடுக்கைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 10க்கு 11 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நான் கீபோர்டு வாசிக்கிறேன், மகள் வயலின் கற்கிறாள். உள்ளே வாசித்தால் சத்தம் காதில் அறைகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் முகம் சுளிக்கிறார்கள். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் இரண்டும் தீருமா? கையில் அதிகப் பணம் இல்லை.

பதில்: ஃபோம் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். ஒலி சுவரில் பட்டு அறைக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருவது ஒன்று, சுவரையும் கதவையும் தாண்டி வெளியே போவது இன்னொன்று. காற்று புகக்கூடிய மெத்தென்ற பொருள் முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதைத் தடுக்க எடை வேண்டும், இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். ஃபோமில் இரண்டும் கிடையாது, சிலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டையிலும் கிடையாது. தவிர, சாதாரண மெத்தை ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து நச்சுப்புகை கக்கும். குழந்தை வாசிக்கும் அறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பிரச்சினையை முதலில் பார்ப்போம். ஏழடிக் கதவின் கீழே முக்கால் அங்குல இடைவெளி இருந்தால், அது கதவின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் அந்த 1 சதவீதம் திறந்திருக்கும் வரை, கதவு எவ்வளவு கனமான தேக்காக இருந்தாலும் அது தடுக்கும் ஒலி சுமார் 20 டெசிபலை (ஒலி அளவின் அலகு) தாண்டாது. எனவே இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஒலியும் கசியும். நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கதவின் அடியில் தரையைத் தொடும் பட்டை பொருத்துங்கள், ஜன்னலுக்கும் இதையே செய்யுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான், அதனால் சுவர் வேலையில் பணத்தைப் போடாதீர்கள்.

கீபோர்டுக்கு ஹெட்போன் போட்டுவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் விசைகளைத் தட்டும் அதிர்வு ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, கீழ்த்தளத்தில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். கால்களுக்கு அடியில் தடிமனான ரப்பர் பாய் போடுங்கள். வயலினுக்கு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் செருகும் ரப்பர் மியூட் இருக்கிறது. ஒலியை நன்றாகவே அடக்கும், ஆனால் எந்நேரமும் அதோடு வாசித்தால் வில்லின் அழுத்தத்துக்கு வாத்தியம் தரும் பதில் பிள்ளைக்குப் பிடிபடாது. நேரம் கழித்து வாசிக்கும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் வாசிப்பீர்கள் என்று பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்து வரும் சத்தம் பாதித் தொந்தரவுதான்.

அப்புறம் அறைக்குள் வரும் எதிரொலி. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். ‘ட்ர்ர்ர்’ என்று உலோகம் போல நடுங்கினால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்து போல மாற்றி மாற்றி எறிகின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சுவரை மூடினால் போதும், நான்கையும் மூட வேண்டியதில்லை. ஒன்றில், உயரமும் ஆழமும் மாறி மாறி வரும்படி புத்தகங்களை அடுக்கிய அலமாரி. இன்னொன்றில் சுவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து, கொசுவம் விட்டுத் தைத்த தடித்த திரை.

அந்தத் திரையைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடக் கூடாது. சுவரை ஒட்டிய இடத்தில் ஒலியலையில் காற்று அசைவதில்லை, கொஞ்சம் தள்ளி வந்தால்தான் அசையும். துணி உரசிக் குறைப்பது அந்த அசைவைத்தான். 10 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் 850 ஹெர்ட்ஸ் (ஒலி ஒரு விநாடிக்கு அதிரும் எண்ணிக்கை) வாக்கிலிருந்து மேலே நன்றாக வேலை செய்யும். 20 செ.மீ. தள்ளினால் 430 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். வயலினின் ‘ஏ’ தந்தி 440 ஹெர்ட்ஸ், அதனால் இடம் இருந்தால் 20 செ.மீ. விடுங்கள். அதற்காக அறையை முழுக்க மந்தமாக்கிவிடாதீர்கள். ஒலி திரும்பி வராத அறையில் பிள்ளைகள் தம்மை அறியாமலே வில்லை அழுத்த ஆரம்பிப்பார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

காதில் அறைகிறது என்றீர்களே, அதைச் சாதாரணமாக விட வேண்டாம். வாசிப்பவரின் இடது காதருகே வயலின் எளிதாக 90 டெசிபலைத் தொடும். வேலையிடங்களுக்கான பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 91 என்றால் 2 மணி நேரம்தான். வெறும் சுவரைப் பார்த்து மகளை நிற்க வைக்காதீர்கள், திரையைப் பார்த்து நிற்கட்டும்.

மிச்சப் பணத்தில் முதலில் ஆடாத ஒரு மியூசிக் ஸ்டாண்டு வாங்குங்கள். கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நோட்டு இருந்தால் கழுத்து குனியாது. உங்களுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி போதும். விசைகள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம், சுருதி இரண்டும் செல்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. வயலினை வெயிலும் ஏசிக் காற்றும் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது மரத்துக்கு நல்லது.

ஒரு மாதம் இப்படி வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கைதட்டினால் நடுக்கம் கேட்டால், 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த நார்) பலகை இரண்டு வாங்கி, நார் உதிராதபடி துணியில் நன்றாக மூடித் தைத்து, அலமாரிக்கு எதிர்ச்சுவரில் காது உயரத்தில் மாட்டுங்கள்.