ஏஐ ஆப் அப்பாவுக்கென்றே மூளைப் பயிற்சி தருமா?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து கேட்கிறீர்கள்: பக்கவாதத்திலிருந்து தேறிய அப்பாவுக்கு மறதி, கவனச் சிதறல். ஏஐ ஆப் அவருக்கேற்ற பயிற்சியைத் தரும் என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். பதில் சரியா தப்பா, எத்தனை நொடி ஆனது என்று பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை ஆப் கூட்டும், குறைக்கும். இதற்கு ஏஐகூடத் தேவையில்லை. தொடர்ந்து இரண்டு சரியென்றால் ஒரு படி ஏற்று, ஒன்று தப்பினால் இறக்கு என்ற பழைய விதியே, ஆள் சுமார் 71 சதவீதம் சரியாகச் சொல்லும் இடத்தில் கொண்டு நிறுத்தும். தப்புகளின் போக்கை வைத்து எந்தத் திறன் தளர்ந்திருக்கிறது என ஊகித்துப் பயிற்சியையே மாற்றுவதுதான் ஏஐயின் பங்கு.

மறதி கடுமையாக இருந்தால், இப்படித் தப்பவிட்டுப் பழக்குவதே கெடுதலாகலாம். சொன்ன தப்பே மனதில் பதிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு விடையை முதலிலேயே காட்டி, குறிப்பை மெல்லக் குறைத்துக்கொண்டே போவார்கள். எது ஏற்றது என்பதைச் சிகிச்சையாளர் சொல்லட்டும், ஆப் அல்ல.

இன்னொன்று, ஆப்பில் மதிப்பெண் ஏறும், வீட்டில் அதே மறதி இருக்கலாம். ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக, மூளைப் பயிற்சி ஆப் விற்கும் லுமாசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

திருவனந்தபுரத்தில் காட்டினாலும் நாகர்கோவிலில் காட்டினாலும், அன்றாட வேலை ஒன்றை இலக்காக வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் போர்டைப் பார்த்து, கேரளா பஸ்ஸில் ஏறிவிடாமல் மார்த்தாண்டம் பஸ்ஸைத் தானே பிடிப்பது மாதிரி. அந்த போர்டுகளின் படத்தையே பயிற்சியில் சேர்க்க முடிந்தால் நல்லது. அப்புறம், அவர் மலையாளம் கலந்து பதில் சொன்னால் ஆப் தப்பு போடுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.