ஸ்பெல்லிங் ஏறக்குறைய ஒன்றாக இருந்து பொருள் மாறிவிடும் ஆங்கிலச் சொற்களில் மிகவும் ஆபத்தான ஜோடி எது?

என் ஓட்டு 'ப்ரிஸ்க்ரைப்', 'ப்ரோஸ்க்ரைப்' ஜோடிக்கு.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எல்லோரும் 'அஃபெக்ட் - எஃபெக்ட்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதில் தவறினால் எழுதியவர் மேல் மதிப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சொல்ல வந்தது புரிந்துவிடும். நான் சொல்லும் ஜோடியில் மூன்றாவது எழுத்து ஈ-யா ஓ-வா என்பதில் அர்த்தமே தலைகீழாகிவிடும். ஈ போட்டால், 'இதைப் படி, இந்த மாத்திரையை மூன்று வேளை சாப்பிடு' என்று விதிப்பது. ஓ போட்டால் தடை செய்வது.

அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. கல்லூரி ப்ராஸ்பெக்டஸ் வந்தால் 'ப்ரிஸ்க்ரைப்ட் டெக்ஸ்ட்புக்ஸ்' என்ற வரியை முதலில் தேடிப் பார்த்துவிடுவேன். அங்கே ஓ விழுந்தால் பாடப்புத்தகம் பூராவும் தடை செய்யப்பட்ட புத்தகமாகிவிடும். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடும் போடாது. இரண்டுமே அகராதியில் இருக்கிற சொல்தானே.

இத்தனைக்கும் இரண்டும் 'எழுது' என்ற ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. முன்கூட்டியே எழுதி வைத்தது விதியானது. ஊர் பார்க்க எழுதி மாட்டியது எப்படித் தடையானது என்றால், அதற்கு ரோமாபுரிக்குப் போக வேண்டும். கி.மு. 82இல் ரோமைக் கைப்பற்றிய ரோமானியத் தளபதி சுல்லா, தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொதுச் சதுக்கத்தில் மாட்டிவைத்தான். பட்டியலில் பெயர் இருந்தால் அந்த ஆளை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்றவனுக்குப் பரிசு, செத்தவனின் சொத்து பறிமுதல். கி.மு. 43இல் வேறு மூன்று பேர் சேர்ந்து போட்ட இதே மாதிரிப் பட்டியலில் புகழ்பெற்ற ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயர் ஏறியது. அந்த டிசம்பரிலேயே அவர் தலை போய்விட்டது.

நமக்கும் இந்த ஓ பழக்கமானதுதான். வெள்ளைக்காரன் ஆட்சியில் பறிமுதலான புத்தகங்களை சர்க்கார் காகிதங்கள் இந்தச் சொல்லால்தான் குறித்தன. 1928இல் பாரதியின் பாட்டுப் புத்தகங்களுக்கு அந்த கதி நேர்ந்தது. சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபையில் அதை எதிர்த்துப் பேசினார். இன்று அதே பாரதி எல்லாப் பள்ளிப் பாடத்திலும் இருக்கிறார். ஓ-வில் இருந்தவர் ஈ-க்கு வந்துவிட்டார்!

சரி, இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்று உண்டு: எதிர்ச்சொல் மாதிரித் தெரியும், ஆனால் இரண்டுக்கும் ஒரே பொருள். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்கரெக்ட்', 'இன்விசிபிள்' என்று படித்துப் பழகியவருக்கு, 'ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்கும், அதற்கு முன்னால் 'இன்' போட்டால் தீப்பிடிக்காது என்றுதானே தோன்றும்? இந்த 'இன்' எதிர்மறை 'இன்' கிடையாது. மூட்டிவிடு, கொளுத்து என்ற பொருளில் 'இன்ஃப்ளேம்' என்று ஒரு வினை இருக்கிறதே, அதோடு ஒட்டிப் பிறந்தது. இந்தக் குழப்பத்தில் யாராவது பீடியைப் பற்ற வைத்துவிடப் போகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'இன்'னை விட்டுவிட்டு எழுதச் சொல்லி வற்புறுத்தத் தொடங்கியது. தீப்பிடிக்காத பொருளுக்கு 'நான்ஃப்ளேமபிள்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. நம் லாரிகள் பலவற்றில் பெயின்ட் அடிப்பவர் இன்னும் பழைய சொல்லையே எழுதிக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் பக்கத்தில் தமிழில் 'எளிதில் தீப்பற்றும்' என்று பெரிதாக எழுதிவிடுவது மேல்.

அப்புறம் 'ஸ்டேஷனரி'. காதுக்கு ஒன்றுதான், எழுத்தில்தான் இரண்டு. கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து ஏ என்றால் நகராமல் நிற்பது, ஈ என்றால் பேனா, நோட்டு, கவர். இடைக்காலத்தில் புத்தகம் விற்றவர்களில் தெருத்தெருவாகச் சுற்றாமல், பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டவருக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர். லண்டனில் 1403லேயே இவர்களுக்குச் சங்கம் இருந்தது. 1557இல் அரச சாசனமும் கிடைத்தது. ஆக, நோட்டு விற்கிற கடைக்கு அந்தப் பெயர் வந்ததே அது நகராமல் நின்றதால்தான். மனப்பாடம் செய்ய வழி கேட்பவர்களுக்கு: கவருக்கான ஆங்கிலச் சொல் 'என்வலப்' ஈ-யில்தான் ஆரம்பிக்கிறது.

'டிஸ்க்ரீட்' இன்னும் சுலபம். இன்ஜினியரிங் கணக்குப் பேப்பரில் வருவது தனித்தனி என்ற பொருள் கொண்டது. அதில் இரண்டு ஈ-க்களையும் நடுவில் ஒரு டி பிரித்து வைத்திருக்கும். ரகசியம் காக்கிற நாசூக்கான ஆளைக் குறிப்பதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹோட்டல் விளம்பரங்களில் 'காம்ப்ளிமென்டரி ப்ரேக்ஃபாஸ்ட்' என்பதில் ஐ வர வேண்டிய இடத்தில் ஈ வருவதை அடிக்கடி பார்க்கிறேன். ஐ என்றால் இலவசம். ஈ என்றால் ஒன்றையொன்று நிறைவு செய்வது, கணக்கில் இரண்டு கோணம் சேர்ந்து 90 டிகிரி ஆகுமே, அது. எந்த எழுத்தைப் போட்டிருந்தாலும் தைரியமாகப் போய் இட்லி சாப்பிடுங்கள், பில்லில் ஏற்ற மாட்டார்கள்.