சிறையில் சட்ட நூலகம் மறுக்கப்பட்டால் வழக்குத் தொடரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மாநிலச் சிறை ஒன்றில் இருக்கும் என் தம்பிக்குப் பல மாதங்களாகச் சட்ட நூலகத்துக்குச் செல்ல அனுமதி இல்லை. அறை மாற்றியபோது வழக்குக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டார்கள். இதனால், தண்டனையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் கெடு தவறிவிட்டது. அதிகாரிகள்மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நூலகம் மறுக்கப்பட்டதை மட்டும் குறையாகச் சொன்னால் வழக்கு நிற்காது. நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் கெடு தவறிய செய்திதான் அதற்கு உயிர்.

வட கரோலினா கைதிகள் தொடுத்த வழக்கில் 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைதிகள் நீதிமன்றத்தை அணுகுவதற்குப் போதுமான சட்ட நூலகத்தையோ சட்டப் பயிற்சி பெற்றவர்களின் உதவியையோ சிறை நிர்வாகம் அளிக்க வேண்டும் என்றது. அரிசோனா சிறைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்போ அதை வெகுவாகச் சுருக்கிவிட்டது. நூலகம் தன்னளவில் ஓர் உரிமை அன்று என்றும், அது இல்லாமற்போனதால் மேல்முறையீடு, ஆட்கொணர்வு மனு, சிறை நிலைமை குறித்த உரிமை வழக்கு ஆகியவற்றுள் ஒன்று உண்மையிலேயே பாதிக்கப்பட்டதைக் கைதி காட்ட வேண்டும் என்றும் அது சொன்னது. சட்டப் புத்தகம் கிடைக்காதவர், புத்தகம் இருந்திருந்தால் எதை வாதாடியிருப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது எனக்குக் கடுமையாகவே படுகிறது. எனினும் நடைமுறை அதுதான். ஆகவே, தவறிப்போன மனுவில் எந்த வாதத்தை எழுப்ப இருந்தார், அது ஏன் வெற்றுவாதம் அன்று என்பதை உங்கள் தம்பி விவரமாக எழுத வேண்டும். இழந்ததை வேறு வழியில் மீட்க இயலாது என்பதையும் காட்ட வேண்டும் என 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று கூறுகிறது.

அதனால் முதல் வேலை, அதிகாரிகள்மீது பாய்வதன்று. ஆட்கொணர்வு மனுவைத் தாமதமானாலும் இப்போதே தாக்கல் செய்து, காகிதங்கள் பறிக்கப்பட்டதைக் காரணம் காட்டி, ஓராண்டுக் கெடுவைத் தளர்த்துமாறு கேட்க வேண்டும். அசாதாரணத் தடை இருந்ததையும் தாம் விடாமல் முயன்றதையும் காட்டினால் அதற்கு இடமுண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஏற்றுக்கொண்டது.

அதே நேரத்தில் சிறைக்குள் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதன் மேல்முறையீடுகளையும் உரிய கெடுவுக்குள் முடிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், எவ்வளவு நியாயமான வழக்கும் 1996-ஆம் ஆண்டுக் கைதிகள் வழக்குச் சட்டத்தின்படி தள்ளுபடியாகும். புகார்ப் படிவமே தர மறுத்தால், மறுத்தவர் யார், எந்த நாளில் என்பதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வழி அடைக்கப்பட்டிருந்தால் அந்த நிபந்தனை பொருந்தாது.

இவற்றுக்குப் பிறகே உரிமை வழக்கு. அது, அரசு அதிகாரிகள் உரிமைகளை மீறினால் வழக்குத் தொடர வழிசெய்யும் 1871-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ், காகிதங்களை எடுத்த அதிகாரிகளைத் தனித்தனியே பெயரிட்டுத் தொடுக்கப்பட வேண்டும். இச்சட்டப்படி மாநில அரசிடமே இழப்பீடு கேட்க முடியாது. வசதியற்ற கைதிக்கும் 350 டாலர் கட்டணம் தள்ளுபடி ஆகாது, சிறைக் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிக்கப்படும். வெற்றுவழக்கு முதலிய காரணங்களால் மூன்று வழக்குகள் தள்ளுபடியானவருக்கு, கடும் உடல் தீங்கு நேரும் உடனடி ஆபத்து இருந்தாலொழிய, அந்தத் தவணைச் சலுகையும் இல்லை. எனவே, அவசரப்பட்டு அரைகுறையாக எழுதி அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.