ஃபேன் ஏன் உறுமுகிறது?

கேள்வி: எங்கள் சீலிங் ஃபேன் 5-இல் அமைதியாகச் சுற்றுகிறது; 2-இல் வைத்தால் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது. பேரிங் போய்விட்டதா?

பதில்: பாவம், எதற்கெடுத்தாலும் பேரிங் மேல்தான் பழி! 2-இல் ஓடும்போதே சுவிட்சை அணைத்துவிட்டுக் கவனியுங்கள். இறக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, உறுமல் மட்டும் சட்டென்று நின்றால் அது மின்சாரச் சத்தம். பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் காரணம். வழுக்கிக்கொண்டு திரும்பும் டிம்மர் வகை, மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும். குறைந்த வேகத்தில் மோட்டார் முனகும். ‘டக் டக்’ என்று படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகைக்கு மாறினால் அநேகமாக அடங்கிவிடும். அணைத்த பிறகும் கரகரவென்று கேட்டால், சரி, பேரிங்கைச் சந்தேகப்படலாம். எதையும் தொடுமுன் மெயினை அணையுங்கள். ஏணியில் ஏறினால், தொங்கும் கம்பியின் போல்ட்டில், அது கழன்று விழாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் (பிளவுபட்ட சிறு கம்பி) இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் கழற்றிய பல ஃபேன்களில் அது இருந்ததே இல்லை.