சர்டிபிகேட்டை மட்டும் மாட்டினால் போதுமா?

திண்டுக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பையன் டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) படிக்க ஆசைப்படுகிறான். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் உங்கள் அண்ணனோ, "படித்து முடித்துவிட்டு சர்டிபிகேட்டை என் கடையில் மாட்டட்டும், மாதாமாதம் பணம் தருகிறேன், அவன் வேறு வேலைக்குப் போகட்டும்" என்கிறார். இதில் தப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அதை அண்ணன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளும் அவருடைய நேரடிக் கண்காணிப்பு வேண்டும் என்கின்றன. மருந்து ஆய்வாளர் வரும் நேரத்தில் சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கி, ஆள் கடையில் இல்லையென்றால் கடை உரிமத்துக்கு ஆபத்து. பையனின் பெயர் மாநில பார்மசி கவுன்சில் பதிவேட்டிலிருந்தே போகலாம். மாமா வேறு வியாபாரம் பார்த்துக்கொள்வார், பையன் என்ன செய்வான்?

சரி, சட்டத்தை விடுங்கள். அந்த ஆள் அங்கே நின்று என்ன கிழிக்கிறார் என்றுதானே பலரும் நினைக்கிறோம்?

பாராசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பாட்டில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். போன முறை கொடுத்த அதே அளவை இந்த முறையும் ஊற்றினால் குழந்தைக்குப் போவது இரண்டு மடங்கு. மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை; மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். எந்தக் கிழமை போட வேண்டும் என்று உறையில் எழுதி, வந்தவர் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்ல வைப்பவர்தான் மருந்தாளுநர். டாக்டர் கையெழுத்தைப் படிப்பதுதான் திறமை என்பார்கள். என்னைக் கேட்டால், புரியாததை ஊகிக்காமல் டாக்டருக்குப் போன் போடுவதுதான் திறமை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மருந்தாளுநர் பெண், வேலையில் முதன்முதலாகத் திட்டு வாங்கியதே அதற்குத்தான்: மாலையில் கடையில் கூட்டம் நிற்கும்போது போனைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

2025 அக்டோபர் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். நமது மாநில ஆய்வகத்தில் சோதித்தபோது அந்த பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அந்த நச்சைக் கடையில் நிற்பவரால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த பேட்ச்சை விற்காதே என்று உத்தரவு வரும் நாளில், எத்தனை பாட்டில் வந்தது, யாருக்குப் போனது என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். பேட்ச் எண் போட்டு பில் கொடுக்காத கடையில் அது நடக்காது.

படிப்பு இரண்டு வருடம். அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைப் பயிற்சிக் கடையிலும் காட்டுங்கள், முதல் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். கடை ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் பயன்படாது. உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா, பால் பாக்கெட் இருக்கிறதா? ராத்திரி கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைக்கிறார்களா? அல்பிரசோலம் (பதற்றத்துக்கு), செஃபிக்சிம் (ஆன்டிபயாடிக்) போன்ற, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு; டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டில் நேற்றைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதியானவை தனிப் பெட்டியில் இருக்கின்றனவா, விற்கிற மருந்தோடு கலந்து கிடக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். அண்ணன் கடை இதிலெல்லாம் தேறினால் அங்கேயே பழகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் இன்னொரு பயமும் நியாயமானது. சீட்டு இல்லாமல் வலி மாத்திரை, தூக்க மாத்திரை கேட்டுச் சில பையன்கள் வந்து சண்டை போடுவது உண்டு. தனி ஆளாக ராத்திரி கடையைப் பார்க்கச் சொல்லும் முதலாளியிடம் சேர வேண்டாம். கேமராவும் கூட ஓர் ஆளும் இருக்கிற இடம் பாருங்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், மறைத்துப் பயனில்லை. ஆனால் டி.பார்ம் முடித்தவர் பி.பார்ம் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கு டி.பார்ம் போதும், மருந்து ஆய்வாளர் ஆகப் பட்டம் வேண்டும். கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவே கிடைக்காது.

அதற்கு முன்னால் ஒரு வாரம், மாலை 6 முதல் 9 வரை, பையன் மாமா கடையில் ஓரமாக நிற்கட்டும். மருந்தைத் தொட வேண்டாம். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்கத் தயங்குகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொல்லட்டும்.