அடுப்பில்லாத கோடை சாலட்: பழமும் பனீரும் – கேள்வி பதில்

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த சாலட்டைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

தர்பூசணி, வெள்ளரி, பனீர் போட்டு சாலட் செய்தேன். பரிமாறும்போது கிண்ணத்தில் பாதி தண்ணீர். என்ன தப்பு? – வாசகி, திருச்சி

உப்பை எப்போது போட்டீர்கள் என்று எழுதவில்லையே அம்மா, பதிலே அதில்தான் இருக்கிறது. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு பட்டதுமே அது வெளியே வர ஆரம்பித்துவிடும். நறுக்கிய துண்டுகளை வடிதட்டில் பத்து நிமிடம் வைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் குளிரவிடுங்கள். வெள்ளரியின் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், பனீர். உப்பு கடைசியில்தான்.

அன்னாசி சேர்த்தேன். அரை மணி நேரத்தில் பனீர் கசந்துவிட்டது. பால் கெட்டுப்போனதா? – வாசகர், கோவை

பால் மேல் குற்றம் இல்லை. அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தைத் துண்டு துண்டாக உடைக்கும், அதனால் வருவதுதான் இந்தக் கசப்பு. கிவியும் பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். டின்னில் வரும் அன்னாசி சூடாக்கி அடைத்தது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. புதுப் பழம்தான் வேண்டுமென்றால் பனீரைத் தனியாக வைத்து, சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாம்பழம் நல்லது? – வாசகி, சேலம்

கிளிமூக்கு, அதுவும் செங்காயாக. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து இருக்கும், நறுக்கினால் துண்டு துண்டாக நிற்கும். கொஞ்சம் கெட்டியான பங்கனபள்ளியும் சரி. மல்கோவாவையும் இமாம்பசந்தையும் தயவுசெய்து சாலட்டில் போடாதீர்கள். குழைந்து கூழாகிவிடும், நல்ல பழமும் வீணாகும். காம்புப் பக்கம் வடியும் பாலைக் கழுவிவிட்டு நறுக்குங்கள், இல்லாவிட்டால் உதடு அரிக்கும்.

கடையில் கட்டியாக வெட்டிக் கொடுத்த பனீரைப் போட்டேன். மேலண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வெந்நீரில் ஊறவைத்தால் சரியாகுமா? – வாசகி, சென்னை

ஆகாது. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் பனீரே இல்லை.

இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். பாமாயில், பால் பவுடர், மாவுச்சத்து கலந்து கட்டியாக்கி பனீர் என்ற பெயரில் விற்கிறார்கள். சட்டப்படி இப்படி ஒரு பொருளைத் தயாரித்து விற்கத் தடையில்லை, ஆனால் பனீர் என்று சொல்லி விற்கக் கூடாது. அனலாக், அதாவது பாலுக்கு மாற்றான பொருள் என்று லேபிளில் தெளிவாகப் போட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி பனீரில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் போக மீதி இருப்பதில் பாதியாவது பால் கொழுப்பாக இருக்க வேண்டும். உதிரியாகத் தாளில் மடித்துக் கொடுப்பதில் லேபிள் எங்கே இருக்கிறது? அதனால்தான் அந்தச் சரக்கு அங்கே சுலபமாக நுழைகிறது.

விலையை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் கொழுப்பு நிறைந்த பாலில் 200 கிராம் பனீர் தேறும், அதுவும் நல்ல பாலாக இருந்தால். ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் பால். லிட்டர் 60 ரூபாய் என்று வைத்தால் பாலுக்கு மட்டும் 300 ரூபாய். கேஸும் ஆள்கூலியும் கடைக்காரர் லாபமும் அதற்கு மேல். கிலோ 220க்குக் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுதுகிறீர்கள்! யார் நஷ்டத்துக்கு விற்பார்கள்?

அயோடின் சொட்டு சோதனையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு இரண்டு சொட்டு விட வேண்டும். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. நீலமாகவில்லை என்பதால் அது சுத்தமான பனீர் என்று ஆகிவிடாது, பாமாயிலை அயோடின் காட்டாது. நாக்கு காட்டும். அசல் பனீர் வாயில் உதிர்ந்து பால் மணக்கும், மற்றது மெழுகாகப் படியும். பட்டர் மசாலாவில் இந்த வித்தியாசத்தை வெங்காயமும் தக்காளியும் மறைத்துவிடும். சமைக்காத சாலட்டில் மறைக்க எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். திறந்த தொட்டித் தண்ணீரில் மிதக்கும் பனீர் அசலாகவே இருந்தாலும் பச்சையாகச் சாப்பிட ஏற்றதல்ல. அதைக் குருமாவில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். சாலட்டுக்கு வீட்டில் அன்றைக்கே செய்தது, அல்லது பாலும் சிட்ரிக் அமிலமும் மட்டும் என்று லேபிளில் உள்ள சீல் வைத்த பாக்கெட். வேறு எதுவும் வேண்டாம்.

வீட்டில் செய்தேன். ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். – வாசகர், மதுரை

நான் சொன்னபடி இல்லை. எலுமிச்சை விட்ட பிறகும் பத்து நிமிடம் கொதித்தது என்று நீங்களே நான்காவது வரியில் எழுதியிருக்கிறீர்கள். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். பால் திரிந்து, பிரியும் நீர் இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். துணியில் வடிகட்டி, புளிப்பு போகக் குளிர்ந்த நீரில் அலசி, அரை மணி நேரம் தொங்கவிட்டால் போதும். சாலட்டுக்கு மேலே பாரம் வைக்கவே வேண்டாம், கையால் உதிர்த்துப் போடும் பதம்தான் ருசி. நீண்ட நாள் தாங்கும் டெட்ரா பேக் பாலில் கட்டி சரியாகச் சேராது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போன்ற பால் வாங்குங்கள். வடித்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

ஹாஸ்டல் அறையில் அடுப்பே இல்லை. பனீருக்குப் பால் காய்ச்ச வேண்டுமே? – வாசகி, தஞ்சாவூர்

தயிரைத் தொங்கவிடுங்கள். அரை கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் 200 கிராம் போலக் கெட்டியாகக் கிடைக்கும். வெளியே ஜன்னலில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் இது பனீரை விடவே பொருத்தம்.

பிள்ளைகளுக்கு லஞ்ச் பாக்ஸில் கொடுத்து அனுப்பலாமா? – வாசகி, வேலூர்

கூடாது. வேலூர் வெயிலில் பனீரும் வெட்டிய பழமும் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கவே கூடாது. பள்ளியில் மதியம் பெட்டியைத் திறக்கும்போது நாலு மணி நேரம் ஆகியிருக்கும். முழுப் பழமாகக் கொடுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். சாப்பிடலாமா? – வாசகி, ஈரோடு

பால் நன்றாகப் பொங்கி, வீட்டில் செய்து, உடனே சாப்பிட்டால் சரி. கடை உதிரிப் பனீர் பச்சையாக வேண்டவே வேண்டாம், லிஸ்டீரியா என்ற கிருமி வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து மாதக் குழந்தைக்குப் பழத்தோடு தேன் விட்டுத் தரலாமா? – வாசகி, கரூர்

ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது.

இங்கே ஃபெட்டா, ஹலூமி என்ற இரண்டு வகை சீஸும் கிடைக்கின்றன. எது நல்லது? – வாசகர், துபாய்

இரண்டுமே நல்லவை, இரண்டுமே உப்பு. ஃபெட்டாவைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டு, சாலட்டில் தனியாக உப்பே சேர்க்காதீர்கள். ஹலூமியைச் சுட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது பிறந்த சைப்ரஸில் கோடைக்குத் தர்பூசணியோடு சுடாமலும் சாப்பிடுகிறார்கள். மெல்லிய துண்டாக நறுக்கினால் போதும்.

பேசில் இலை கிடைக்கவில்லை. துளசி போடலாமா? – வாசகி, நாகர்கோவில்

வேண்டாம், துளசியின் கார்ப்பு பழத்தை அமுக்கிவிடும். திருநீற்றுப்பச்சிலை நாலைந்து இலை கிள்ளிப் போடுங்கள், அதுவும் பேசில் இனம்தான். இல்லையென்றால் புதினா.

நுங்கு சேர்க்கலாமா? – வாசகர், ராமநாதபுரம்

தாராளமாக. இளசாகப் பார்த்து வாங்கி, துவர்க்கும் மேல்தோலை உரித்து, உள்நீர் சிந்தாமல் நாலாக நறுக்குங்கள். உதிர்த்த பனீர், இஞ்சிச் சாறு ஒரு சொட்டு, எலுமிச்சை. உப்பு கடைசியில். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.